பயங்கர குளிர் வருதுன்னு வருஷா வருஷம் சொல்றாங்களே, எதை நம்புறது?

தங்கச்சி, உங்க கேள்விய முதல்ல சுருக்கமா எழுதிடறேன், மத்தவங்க படிக்கறப்போ புரியணும்ல. நம்ம தென்னாப்பிரிக்காவுல மே மாசம் பொறந்து குளிர்காலம் நெருங்கினதுல இருந்து "இந்த வருஷம் நூறு வருஷத்துல காணாத குளிர்"னு வாட்ஸ்அப்ல வந்துட்டே இருக்கு, போன வருஷமும் இதையேதான் சொன்னாங்க, டர்பன்ல நம்ம சாட்ஸ்வொர்த்துல ஒண்ணும் நடக்கல, கம்பளிய எடுக்கவே இல்ல. அரசாங்க வெதர் சர்வீஸும் மஞ்சள், ஆரஞ்சுன்னு கலர் எச்சரிக்கை போட்டு பயமுறுத்துது. இன்னொரு பக்கம் பூமி சூடாகுதுங்கறாங்க. அப்போ எல்லாமே புருடாதானான்னு கேட்டிருக்கீங்க. அதோட, ஆடி மாசம் கோயில்ல கூழ் ஊத்தறதுக்கு ஜோபர்க் (ஜொஹானஸ்பர்க்) பக்கம் லெனேசியால இருந்து அம்மாவ கார்ல கூட்டிட்டு வரலாமான்னும் கேட்டிருக்கீங்க.

பதில முதல்லயே சொல்லிடறேன். ஃபார்வர்டு மெசேஜ நம்பாதீங்க. மே மாசத்துலயே "பயங்கர குளிர்"னு அடிச்சு சொல்ற யாரையும் நம்பாதீங்க. ஆனா மூணு நாள், அஞ்சு நாளைக்கு முன்னாடி வெதர் சர்வீஸ் சொல்றத நம்புங்க, கட்டாயம் நம்புங்க. இந்த மூணும் வேற வேற சமாச்சாரம், ஆனா நம்ம ஃபோன்ல மூணும் ஒரே மாதிரி வந்து விழறதால ஒண்ணு பொய்யா போனா மத்ததும் பொய்னு மனசு முடிவு கட்டிடுது. நான் மாரிட்ஸ்பர்க் பக்கம் பல வருஷம் பள்ளிக்கூடத்துல புவியியல் சொல்லிக் குடுத்தவன், பசங்களவிட பெத்தவங்கதான் இந்த கேள்விய அதிகமா கேப்பாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த ஃபார்வர்டு. நம்ம ஊர் குரூப்புல வருஷா வருஷம் சுத்தறது ஒண்ணு இருக்கு, "அஃபீலியன்"னு பேர் போட்டு வரும். நாளைக்கு காலைல 5:27ல இருந்து பூமி சூரியன விட்டு ரொம்ப தூரம் போயிடும், சாதாரணமா 9 கோடி கிலோமீட்டர், இப்போ 15 கோடி கிலோமீட்டர் ஆயிடும், ஆகஸ்ட் வரைக்கும் குளிர் தாங்காது, உடம்பு வலி, தொண்டை வலி எல்லாம் வரும்னு எழுதியிருக்கும். இதுல ஒரு துளி உண்மை இருக்கறதாலதான் இது சாகவே மாட்டேங்குது. ஜூலை ஆரம்பத்துல பூமி சூரியன விட்டு தூரமா இருக்கறது நிஜம், கிட்டத்தட்ட 15.2 கோடி கிலோமீட்டர். ஆனா கிட்ட இருக்கற ஜனவரில அது 14.7 கோடி. வித்தியாசம் நூத்துக்கு மூணு பங்கு சொச்சம்தான். அந்த 9 கோடி கணக்கு எங்கயும் கிடையாது. நம்ம குளிர்காலமும் அதே ஜூலைல வர்றதால நமக்கு இது பொருத்தமா தோணுது, ஆனா அதே ஜூலைல இந்தியாவுல, ஐரோப்பாவுல எல்லாம் வெயில்காலமோ மழைக்காலமோதானே நடக்குது, சூரியன் தூரமா போனதால குளிர்னா அங்கயும் குளிரணுமே. பருவம் மாறறது பூமி சாஞ்சு சுத்தறதாலதான், தூரத்தால இல்ல. இதோட இந்த விஷயத்த விட்டுடுவோம்.

ரெண்டாவது, நிஜமான சீசன் முன்னறிவிப்பு. தென்னாப்பிரிக்க வெதர் சர்வீஸ் மாசா மாசம் வர்ற சில மாசங்களுக்கு ஒரு அறிக்கை போடுது. அத முழுசா படிச்சவங்க ரொம்ப கம்மி. அதுல "குளிர் பயங்கரமா இருக்கும்"னு எல்லாம் எழுத மாட்டாங்க. வெப்பநிலை வழக்கத்தவிட மேலயா, வழக்கம் போலயா, கீழயா, மூணுல எதுக்கு வாய்ப்பு கூடன்னு ஒரு மேப் போடுவாங்க, அவ்வளவுதான். ஒண்ணும் தெரியலன்னா மூணுக்கும் சமமா 33 சதவீதம். ஒரு பக்கம் 45, 50ன்னு ஏறினாலே அது பெரிய செய்தி அவங்களுக்கு. அதுவும் மூணு மாச சராசரிய பத்தின பேச்சு, எந்த தேதில பனி விழும்னு அது சொல்லவே சொல்லாது, சொல்லவும் முடியாது. காத்து மண்டலத்துல சின்ன வித்தியாசம் ரெண்டு வாரத்துல பெருசா போயிடும்னு 1960கள்லயே வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் காட்டிட்டாரு, அந்த ரெண்டு வார எல்லைய இன்னைக்கு வரைக்கும் யாரும் தாண்டல. எல் நினோ, லா நினா பத்தி பேசறாங்களே, அது பசிபிக் கடல் சூட்ட வச்சு சொல்றது, நம்ம நாட்டுல அதோட பலம் தெரியறது அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் இருக்கற கோடை மழைலதான். 2015-16ல வந்த வறட்சி ஞாபகம் இருக்கும், அது எல் நினோ. ஆனா டர்பன் இருக்கற நம்ம குவாஸுலு-நட்டால் மாகாணத்து குளிர்காலத்துக்கு அது அவ்வளவு உதவாது. அதனால எந்த பேப்பர்லயாவது மே மாசத்துலயே "கொடூர குளிர்காலம்"னு தலைப்பு பாத்தீங்கன்னா, அந்த மேப்ப யாரோ ஊதிப் பெருசாக்கிட்டாங்கன்னு எடுத்துக்கோங்க.

இப்போ டர்பன்ல ஏன் ஒண்ணும் நடக்கலன்னு தோணுது, அத சொல்றேன். உங்க ஜன்னலுக்கு வெளிய அகுல்ஹாஸ் நீரோட்டம் ஓடுது, வடக்கே இருந்து வர்ற வெதுவெதுப்பான கடல் தண்ணி, அதனால ஜூலைல கூட பகல்ல 23 டிகிரி, ராத்திரி 11, 12 டிகிரின்னு நிக்கும். மலைல பனின்னா டிராக்கன்ஸ்பர்க்ல பனி, சாட்ஸ்வொர்த்துல இல்ல, ரெண்டுக்கும் நடுவுல 200 கிலோமீட்டரும் மூவாயிரம் மீட்டர் உயரமும் இருக்கு. எச்சரிக்கைல மாகாணத்தோட பேர மட்டும் பாத்துட்டு நம்ம வீட்டு வாசல்ல பனிய தேடினா அது எப்பவுமே பொய்யாதான் தெரியும். அதே நாள்ல மலைப் பக்கத்து ஊருங்க, அண்டர்பெர்க், நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் இருக்கறவங்கள கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு இருக்கு, டர்பன்காரங்கள ஏமாத்தறதுல இதுதான் பெருசு, பெர்க் விண்ட். குளிர் காத்து கேப் பக்கம் வந்து சேர்ந்ததும் அதுக்கு முன்னாடி மேட்டு நிலத்துல இருக்கற காத்து மலைல இருந்து கடல பாத்து இறங்கும். ஒரு கிலோமீட்டர் இறங்கினா சுமார் 10 டிகிரி சூடேறும், அதனால கீழ வந்து சேரறப்போ உலர்ந்து கொதிக்கும். ஜூலை மாசம் 30 டிகிரிக்கு மேல, உதடு வெடிக்கும், துவைச்ச துணி அரை மணில காயும், கரும்புத் தோட்டத்துல, மிட்லண்ட்ஸ் புல்வெளில தீ புடிச்சா நிக்காது. அன்னைக்குத்தான் எல்லாரும் "இதுவா குளிர்காலம்? நாளைக்கு குளிர் வருதுன்னு சொன்னானே"ன்னு ஸ்டேட்டஸ் போடுவாங்க. சாயங்காலமோ ராத்திரியோ தெக்கத்தி காத்து திரும்பும், ஒரு மணி நேரத்துக்குள்ள பத்து டிகிரிக்கு மேல இறங்கிடும், ஜன்னல் கதவெல்லாம் படார் படார்னு அடிக்கும். அந்த சூடு இருக்கே, அதுதான் குளிர் வர்றதுக்கு அடையாளம். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம பாட்டிங்க இந்தியாவுல இருந்து கொண்டு வந்த பழமொழி, அங்க அது தென்மேற்கு பருவக்காத்து, இங்க ஆகஸ்ட் மாசத்து காத்து இந்த குளிர் அலைங்க ஒண்ணு பின்னால ஒண்ணா போறதால வர்றது, ஆனாலும் மாசம் என்னவோ சரியா பொருந்திடுச்சு.

இப்போ முக்கியமான விஷயம், இதுக்காகத்தான் இவ்வளவு எழுதறேன். சாதாரண குளிர் அலை நம்ம மாகாணத்துல பெரிய ஆபத்து இல்ல, வரும், ரெண்டு நாள் நடுங்குவோம், போயிடும். ஆள கொல்றது கட்-ஆஃப் லோ. மேல அஞ்சு, ஆறு கிலோமீட்டர் உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா ஓடற காத்து ஓட்டத்துல இருந்து ஒரு குளிர் துண்டு தனியா அறுந்துடும், ஆத்து ஓட்டத்துல இருந்து பிரிஞ்ச சுழி மாதிரி ஒரே இடத்துல நின்னு சுத்தும். ஓட்டத்தோட போயிருந்தா ஒரு நாள்ல தாண்டியிருக்கும், அறுந்து நின்னதால ரெண்டு மூணு நாள் இங்கேயே கிடக்கும். மேல அவ்வளவு குளிர், கீழ இந்தியப் பெருங்கடல் ஈரத்த தள்ளிக்கிட்டே இருக்கும், அப்புறம் கடலோரத்துல வெள்ளம், மலைல பனி. ஒரே ஆளோட ரெண்டு கை.

இது எப்போ வரும்னு நினைக்கறீங்க? நடு குளிர்காலத்துலயும் வரும், ஆனா மார்ச்-மே, செப்டம்பர்-நவம்பர், இந்த ரெண்டு பருவத்துலதான் கூட. ஜனங்க குளிர்காலம் இன்னும் ஆரம்பிக்கலன்னோ முடிஞ்சு போச்சுன்னோ நினைக்கற நேரம். 1987 செப்டம்பர் கடைசில நட்டால்ல வந்த வெள்ளம், கிட்டத்தட்ட 400 பேர் போனாங்க, பெரியவங்க இன்னும் பேசுவாங்க, அது கட்-ஆஃப் லோ. 2022 ஏப்ரல் 11, 12, அதுவும் அதே வகை, சில இடத்துல 24 மணி நேரத்துல 300 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, 430 பேருக்கு மேல இறந்தாங்க, டர்பனுக்கு வடக்க டோங்காட்ல தண்ணி சுத்திகரிக்கற நிலையம் உடைஞ்சு ஊரே மாசக்கணக்குல வாளியும் டேங்கருமா அலைஞ்சுது, நம்ம ஜனங்க எத்தனை குடும்பம் அங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும். 2024 ஜூன் 3ம் தேதி அதே டோங்காட்ல சூறாவளிச் சுழல் வந்து மக்வாவேனி பக்கம் வீடுங்கள பேத்துப் போட்டுச்சு. 2025 ஜூன்ல ஈஸ்டர்ன் கேப்ல ம்தாத்தா, ஒரே ராத்திரி வெள்ளத்துல நூறு பேர் போல இறந்தாங்க, அதே நேரம் அந்த மாகாணத்து மேட்டுப் பகுதில பனி.

அப்புறம் நீங்க போற ரோடு. 2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய் 24ம் தேதி ஹெரிடேஜ் டே லீவு, நடுவுல ஒரு திங்கள் லீவு போட்டா நீண்ட விடுமுறை, ஜோபர்க்ல இருந்து டர்பனுக்கு கார் காரா கிளம்பினாங்க. செப்டம்பர் 1, வசந்தம் பொறக்கற ஸ்பிரிங் டே முடிஞ்சு இருபது நாள் ஆச்சு, யாருக்கு பனி ஞாபகம் இருக்கும்? வான் ரீனன்ஸ் பாஸ்ங்கற மலைக் கணவாய்ல, ஹாரிஸ்மித் பக்கம், ஜோபர்க்-டர்பன் என்3 நெடுஞ்சாலை மேல பனி கொட்டி வண்டிங்க நின்னுடுச்சு. லாரி குறுக்க சறுக்கி நின்னா பின்னால ஒண்ணும் நகராது. குழந்தைங்களோட ராத்திரி முழுக்க, சில பேர் ஒரு நாளுக்கு மேல கார்லயே கிடந்தாங்க, பெட்ரோல் தீரும்னு பயந்து ஹீட்டர போட்டு போட்டு நிறுத்தி. உயிரும் போச்சு. எச்சரிக்கை முன்னாடியே வந்திருந்துச்சு, விழுந்த பனி எதிர்பார்த்ததவிட அதிகம், அது நிஜம், ஆனா பனி வரும், ரோடு மோசமாகும்னு சொல்லிதான் இருந்தாங்க. மே மாசத்துல இருந்து நூறு பொய் மெசேஜ் பாத்து அலுத்துப் போன ஆளுக்கு இந்த ஒரு நிஜ மெசேஜும் அதே குப்பைல விழுந்துடுது பாருங்க, எனக்கு வயிறு எரியறது இங்கதான்.

சரி, பூமி சூடாகுதுன்னா ஏன் பனி? நீங்க மட்டும் இல்ல, எல்லாரும் கேக்கறாங்க, கேக்க வேண்டிய கேள்விதான். ஜோபர்க் 1,750 மீட்டர் உயரத்துல இருக்கு, ஜூன், ஜூலைல ராத்திரி பூஜ்யத்துக்கு பக்கத்துல எத்தனையோ தடவை போகுது, லெனேசியால காலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி உங்க அம்மா பாக்காததா. அப்படி இருந்தும் பனி கொட்டறது அபூர்வம், 1981 செப்டம்பர், 2012 ஆகஸ்ட், 2023 ஜூலைன்னு வருஷத்த விரல் விட்டு எண்ணலாம். காரணம் குளிர் பத்தாதது இல்ல, ஈரம் பத்தாதது. குளிர்காலத்துல உள்நாட்டு மேல உயர் அழுத்தம் உக்காந்துக்கும், வானம் நீலமா வறண்டு கிடக்கும். குளிரும் ஈரமும் ஒரே நேரத்துல சேரணும், அப்போதான் பனி. அதனால பனி விழுந்தத வச்சு "உலகம் குளிர்ந்துடுச்சு"ன்னும் சொல்ல முடியாது, பனி விழலன்னா "உலகம் கொதிக்குது"ன்னும் சொல்ல முடியாது. இந்த நாட்டுல பதிவான ரொம்ப கடுமையான குளிர், மோல்டெனோ பக்கம் பஃபல்ஸ்ஃபோன்டைன்ல மைனஸ் 20.1 டிகிரி, 2013 ஆகஸ்ட்ல, அதாவது உலகம் சூடாகிட்டு இருக்கற காலத்துலதான். ஒரு ராத்திரி வேற, முப்பது வருஷ சராசரி வேற. அந்த சராசரி ஏறிட்டே வருது, 2024தான் பதிவுலயே சூடான வருஷம், தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னாடி இருந்ததவிட 1.5 டிகிரிக்கு மேல, தென் ஆப்பிரிக்கப் பகுதி உலக சராசரியவிட வேகமாவே சூடாகுது. குளிர் ராத்திரிங்க குறையுது, ஆனா இல்லாம போகல.

சூடு ஏறினா எது மாறும்னா, காத்து புடிச்சு வைக்கற ஈரம். ஒரு டிகிரிக்கு சுமார் 7 சதவீதம் கூட. 2022 ஏப்ரல் மழைய உலக வானிலை ஆராய்ச்சிக்காரங்க சேந்து கணக்கு போட்டு பாத்தாங்க, முன்னாடி 40 வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய மழை இப்போ 20 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு ஆயிடுச்சு, கொட்டற அளவும் 4ல இருந்து 8 சதவீதம் கூடிடுச்சுன்னு சொன்னாங்க. வான் ரீனன்ஸ் பனிக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல, அது வேற கணக்கு. கட்-ஆஃப் லோ நம்ம தாத்தா காலத்துலயும் வந்துச்சு, இப்பவும் வருது, இப்போ அது கையில கூடுதல் தண்ணி இருக்கு. 1860ல இந்தியாவுல இருந்து ட்ரூரோ கப்பல்ல வந்தவங்களோட பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க ஆத்தோரத்துல, பள்ளத்துலதான் காய்கறி போட்டு பொழச்சாங்க, இன்னைக்கும் நம்மளோட வீடும் கோயிலும் நிறைய அப்படிப்பட்ட எடத்துலதான் இருக்கு, அதனால இந்த 4, 8 சதவீதம் நமக்கு வெறும் நம்பர் இல்ல.

அப்போ வெதர் சர்வீஸ் சொல்றது தப்பா போறதே இல்லயான்னா, போகுது. 60 சதவீதம் மழைன்னு பத்து தடவை சொன்னா நாலு தடவை மழை வரக்கூடாது, வந்தாத்தான் தப்பு. அந்த நாலு தடவைதான் நம்ம மனசுல நிக்கும். கலர் எச்சரிக்கையும் அப்படித்தான், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கூடவே 1ல இருந்து 10 வரை ஒரு நம்பர். அது மழை எத்தனை மில்லிமீட்டர்னு சொல்றது இல்ல, நடக்கறதுக்கு எவ்வளவு வாய்ப்பு, நடந்தா எவ்வளவு சேதம், ரெண்டையும் சேத்து போடறது. வாய்ப்பு கம்மி, ஆனா வந்தா பெரிய அடின்னாலும் மஞ்சள் போடுவாங்க. மஞ்சள் வந்து ஒண்ணும் நடக்கலன்னா அது பொய் இல்லம்மா. இன்னொரு விஷயம், தெற்குக் கடல்ல நம்மகிட்ட அளக்கற கருவி எதுவும் பெருசா இல்ல, சாட்டிலைட் வர்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் இருந்து வர்ற குளிர் காத்த கிட்ட வந்த பிறகுதான் பாக்க முடியும். இப்போ அப்படி இல்ல, சுமாரா பத்து வருஷத்துக்கு ஒரு நாள்ங்கற கணக்குல முன்னறிவிப்பு நீண்டுட்டு வருது, இன்னைக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடி சொல்றது அந்தக் காலத்துல ரெண்டு, மூணு நாளைக்கு முன்னாடி சொன்ன அளவுக்கு சரியா இருக்கு. கட்-ஆஃப் லோ மட்டும் இன்னும் தலைவலிதான், அறுந்து நிக்கற இடம் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் வெள்ளம் வேற ஊருக்கு போயிடும். ஆனா "வருது"ங்கறது தெரிஞ்சிடும்.

மெசேஜ் நிஜமா பொய்யான்னு பாக்கறதுக்கு நான் மூணே மூணுதான் பாப்பேன். யார் போட்டாங்க, எந்த தேதிக்கு, எந்த ஊருக்கு, இது மூணும் எழுதியிருக்கான்னு. "விஞ்ஞானிகள் எச்சரிக்கை"ன்னு மட்டும் இருந்தா அழிச்சிடுங்க, ஃபார்வர்டு பண்ணாதீங்க, பெரியப்பா அனுப்பினதா இருந்தாலும் சரி. இந்த நாட்டுல கடுமையான வானிலை எச்சரிக்கைய வெதர் சர்வீஸ் அனுமதி இல்லாம வெளியிடறது குற்றம், 2013ல திருத்தின சட்டம் இருக்கு, அது பல பேருக்கு தெரியாது.

உங்க பயணம். ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் ஆடி, என்3ல பனிக்கு வாய்ப்பு இருக்கற காலம்தான், ஆனா பெரும்பாலான நாள் ரோடு நல்லாவே இருக்கும், அதனால இப்பவே பயந்து வேண்டாம்னு சொல்லாதீங்க, அம்மாவுக்கு கூழ் குடிக்கற ஆசைய கெடுக்காதீங்க. கிளம்பறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி ஒரு தடவை பாருங்க, கட்-ஆஃப் லோங்கற வார்த்தை வருதா, ஹாரிஸ்மித், வான் ரீனன், வார்டன் பேர் வருதான்னு. முந்தின நாள் ராத்திரி திரும்ப பாருங்க. டர்பன் வெதர பாக்காதீங்க, உங்க ஆபத்து டர்பன்ல இல்ல, பாஸ்லதான். "டிஸ்ரப்டிவ் ஸ்னோ", அதாவது போக்குவரத்த முடக்கற பனின்னு ஆரஞ்சு இருந்தா கிளம்பாதீங்க, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கோயில்ல கூழ் ஊத்துவாங்க, அடுத்த வாரம் வேற கோயிலுக்கு போயிக்கலாம், மாரியம்மா கோவிச்சுக்க மாட்டா. ஆரஞ்சு இல்லன்னாலும் விடியக்காலைல கிளம்பாதீங்க, பாலத்து மேல உறைஞ்சு கிடக்கும், வெயில் ஏறினப்புறம் எட்டு மணிக்கு மேல கிளம்பினா பாஸ நடுப்பகல்ல தாண்டிடலாம். ஹாரிஸ்மித்துக்கு முன்னாடி டேங்க் ஃபுல் பண்ணிடுங்க, பாதி இருக்கேன்னு விடாதீங்க. ஆளுக்கு ஒரு கம்பளி, அம்மாவோட மாத்திரை டிக்கில வேண்டாம், கைப்பைல, ஃபிளாஸ்க்ல டீ, குடிக்க தண்ணி, ஃபோன் சார்ஜர். பனில மாட்டிக்கிட்டா கார விட்டு இறங்கி நடக்காதீங்க, எஞ்சின் போட்டு ஹீட்டர் வைக்கறதுக்கு முன்னாடி பின்னால புகைக்குழாய பனி மூடியிருக்கான்னு பாத்து தள்ளி விட்டுட்டு வைங்க, ஜன்னல கொஞ்சம் திறந்து வைங்க.

அந்த புகை விஷயத்த வீட்டுக்கும் சேத்து சொல்றேன். லெனேசியால குளிருக்கு கரி போட்ட அடுப்ப உள்ள வச்சு கதவ சாத்திட்டு தூங்கறவங்க இன்னும் இருக்காங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஒவ்வொரு குளிர்காலமும் அதுல ஆளுங்க போறாங்க. அம்மா தனியா இருக்காங்கன்னா அங்க அத முதல்ல பாருங்க. எந்த தேதில வர்றதா இருக்கீங்கன்னு முடிவானதும் கீழ எழுதுங்க, அந்த வாரத்து மேப்ப பாத்து எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.